பித்தப்பை அறுவை சிகிச்சையில் பித்தநாளம் வெட்டுப்பட்டது: இழப்பீடு கேட்டு வழக்கு தொடர வழி என்ன?

நாகலூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் வசிக்கிறோம். என் தாயார் காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை செய்து வந்தவர். பித்தப்பையில் கல் இருந்ததால், சென்ற ஆண்டு ஆடி மாதம் சேலத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியாகக் கேமராவைச் செலுத்தி) பித்தப்பையை அகற்றினார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில்தான் சேர்த்தோம். ஆனாலும் மருந்துக்கு, ஸ்கேனுக்கு என்று சொல்லிக் கையிலும் பணம் வாங்கினார்கள். அதில் ஒரு பகுதிக்கு மட்டுமே ரசீது இருக்கிறது.

மறுநாளே வயிற்றில் பொருத்தியிருந்த குழாயின் பையில் பச்சையும் மஞ்சளுமாக நீர் இறங்கத் தொடங்கியது. செவிலியர் அதை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் எழுதிச் சென்றதை நான் அருகில் நின்று பார்த்தேன். மருத்துவரிடம் கேட்டபோது, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். அம்மாவுக்குக் கண் மஞ்சளித்துக் காய்ச்சல் கண்ட பிறகும் ஸ்கேன் எதுவும் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கோயம்புத்தூரில் வேறொரு மருத்துவமனையில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் பித்தநாளமே வெட்டுப்பட்டிருக்கிறது என்று கண்டறிந்து, அதைச் சிறுகுடலோடு இணைக்கும் பெரிய அறுவை சிகிச்சை செய்தார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார், ஆனால் கூடை சுமந்து சரிவில் ஏறி வேலை செய்ய இனி அவரால் முடியாது.

சேலம் மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் குழாயில் பித்தநீர் வந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா என்று தெரியவில்லை. இதற்கிடையில் மருத்துவமனை மேலாளர் தொலைபேசியில் அழைத்து, ஒரு தொகை தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். என்ன செய்வது?

சேலம் வழக்கறிஞர்

தங்கள் தாயார் பட்ட துன்பத்துக்கு வருந்துகிறேன். முதலில் கெடுவைச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதை நம்பி இருக்கக் கூடாது. பித்தப்பை அறுவை சிகிச்சையின்போது வயிற்றுக்குள் துணி விடப்பட்டதாகச் சொல்லித் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கில், அது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2010இல் ஏற்கவில்லை. வலி தொடர்ந்து இருந்தும் அந்தப் பெண்மணி உரிய காலத்தில் மருத்துவரை நாடவில்லை என்று கூறிப் புகாரைத் தள்ளிவிட்டது. ஆகவே முதல் அறுவை சிகிச்சை நடந்த நாளையே தொடக்கமாக வைத்துக் கணக்குப் போடுங்கள்.

காப்பீட்டு அட்டையில் சிகிச்சை பெற்றதால் வழக்குப் போட முடியாதோ என்ற ஐயம் தேவையில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு அளிக்கும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவையே என்று 1995இல் சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தபோது, கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தினாலும் அது இலவச சேவை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனை என்றால் நிலைமை வேறு. அங்கே உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டியிருக்கும்.

எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் இழப்பீடு அன்று, சிகிச்சைக்குச் செலுத்திய தொகை. அது 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். 5 லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணமும் கிடையாது. மருத்துவமனை, அறுவை செய்த மருத்துவர் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேருங்கள். புகார்தாரர் தங்கள் தாயார்தான். அவர் அதிகாரமளித்தால் நீங்கள் அவர் சார்பில் முன்னிலையாகலாம். வாய்தாவுக்கு வாய்தா அவரை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே அழைத்து வர வேண்டியதில்லை. காணொலி வழியாக விசாரிக்கக் கோரி மனுச் செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

காவல் நிலையத்தைப் பொறுத்தவரை, இந்த வழக்கில் அவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அலட்சியத்தால் ஏற்படும் மரணத்தைப் பற்றியது. தாயார் உயிர் பிழைத்துவிட்டதால் அதற்கு இங்கே வேலை இல்லை. காயத்துக்கான பிரிவில் புகார் கொடுத்தாலும், மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும், வேறொரு மருத்துவரின், கூடுமானவரை அரசு மருத்துவரின், கருத்தைப் பெறாமல் வழக்கை முன்னெடுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு கூறுகிறது. தண்டனை வேண்டும் என்ற கோபம் நியாயமானதே. ஆனால் உங்களுக்கு இப்போது தேவை அம்மாவின் மருத்துவச் செலவும் வாழ்வாதாரமும். அவற்றைத் தரக்கூடிய இடம் நுகர்வோர் ஆணையம்.

ஓய்வு பெற்ற செவிலியர்

தம்பி, நீங்கள் கட்டிலருகில் நின்று பார்த்ததாக எழுதிய அந்த அட்டைதான் உங்கள் வழக்கின் உயிர். அதை நாங்கள் இன்டேக் அவுட்புட் சார்ட் என்போம். குழாயில் எத்தனை மில்லி வந்தது, என்ன நிறத்தில் வந்தது என்று ஒவ்வொரு பணிநேரத்திலும் குறித்துக் கையொப்பம் இடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி பின்னால் உட்கார்ந்து தயாரிப்பது. அதில் எழுதாமல் விட்டது சார்ட்டில் இருக்க வாய்ப்பு அதிகம்.

2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை நெறிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். நேரில் போய் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். அம்மாவின் பெயரில் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு அஞ்சலில் அனுப்புங்கள். கேஸ் ஷீட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, ஒப்புதல் படிவம், ரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். லேப்ராஸ்கோப்பி என்பதால் காணொலிப் பதிவு இருக்கலாம். அதையும் அழிக்காமல் வைத்திருந்து தரும்படி கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே ஆணையத்தில் அவர்களுக்கு எதிராக நிற்கும்.

ஒப்புதல் படிவத்தைக் கையில் வாங்கியதும் கூர்ந்து பாருங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் கைரேகை மட்டும் இருந்து, சாட்சிக் கையெழுத்தும் மருத்துவமனை ஊழியருடையதாகவே இருந்தால், எதையும் விளக்கிச் சொல்லவில்லை என்று வாதிடலாம்.

ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர்

மருத்துவர்களில் ஒருவனாக ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பித்தநாளக் காயம் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையில் அறியப்பட்ட சிக்கல். தேர்ந்த கைகளிலும், குறிப்பாக அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கிடக்கும் வயிற்றில், அது அரிதாக நேர்கிறது. வெட்டுப்பட்டது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால், எதிர்த்தரப்பு இதைச் சொல்லியே தப்பித்துவிடும்.

நீங்கள் எழுதியதில் என்னைத் துணுக்குறச் செய்தது அதன் பிறகு நடந்ததுதான். குழாயில் தொடர்ந்து பித்தநீர் வருகிறது, காமாலையும் காய்ச்சலும் இருக்கின்றன என்றால், வயிற்று ஸ்கேனும் தேவைப்பட்டால் பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் எடுத்திருக்க வேண்டும். இத்தகைய பழுதைச் சரிசெய்வதில் அனுபவம் உள்ள இடத்துக்கு உடனே அனுப்பியிருக்க வேண்டும். அதே சூழலில் நியாயமான திறமையுள்ள வேறொரு மருத்துவர் என்ன செய்திருப்பார் என்பதே சட்டத்தின் அளவுகோல். என்னைப் போன்ற எவரும் அந்த நிலையில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டோம். ஆகவே வழக்கின் மையத்தைக் கத்தி பட்ட இடத்தில் வைக்காமல், கண்டுகொள்ளாமல் விட்ட நாட்களில் வையுங்கள்.

கோயம்புத்தூர் மருத்துவரிடம் போய், முந்தைய மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்று எழுதித் தரும்படி கேட்காதீர்கள், தயங்குவார். எந்த நாளில் எந்த நிலையில் நோயாளி வந்தார், எந்த நாளம் எந்த இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது, உள்ளே எவ்வளவு பித்தநீர் தேங்கியிருந்தது என்று தான் கண்டதை எழுதித் தரும்படி கேட்டால் மறுக்க மாட்டார். நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயம் இல்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் இது போன்ற வழக்கில் அது இல்லாமல் போகாதீர்கள்.

நாகலூர்வாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடிதத்தை எழுதிவிட்டேன், நாளை அனுப்புகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு எங்களிடம் வசதி இல்லை. மேலாளர் சொல்லும் தொகையை வாங்கிக்கொண்டால் வழக்கு என்ன ஆகும்?

சேலம் வழக்கறிஞர்

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி அளிக்க 1987ஆம் ஆண்டு சட்டப்பணி ஆணையங்கள் சட்டம் வகை செய்கிறது. தாயாரின் பெயரில் சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுங்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

மேலாளர் நீட்டும் தாளில் பெரும்பாலும் 'முழுமையான, இறுதியான தீர்வு' என்ற வாசகம் இருக்கும். அதில் தாயாரின் கைரேகை விழுந்தால், பிறகு எவ்வளவு வலுவான சான்று கிடைத்தாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள். எனவே ஆவணங்கள் கைக்கு வரும் வரை தொகை பற்றிப் பேசவே பேசாதீர்கள். அழைப்பு வந்தால், எழுத்தில் தெரிவியுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சமரசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புகார் தாக்கலான பின் இரு தரப்பும் இசைந்தால் ஆணையமே சமரசத்துக்கு அனுப்பும். அங்கே ஏற்படும் உடன்பாடு ஆணையத்தின் உத்தரவாகவே பதிவாகும். வழக்கு மேல்முறையீடுவரை போனால் ஆண்டுகள் ஆகும் என்பதால், நியாயமான தொகை என்றால் அதை ஏற்பதில் தவறில்லை.

தொகையைக் கணக்கிட, தோட்ட அலுவலகத்தில் தாயாரின் கூலிப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பழம் பறிக்கும் பருவத்தில் அவர் எவ்வளவு ஈட்டினார் என்பதை வாய்ச்சொல்லாகச் சொன்னால் எதிர்த்தரப்பு மறுக்கும். பதிவேட்டை மறுக்க முடியாது. காப்பீட்டு அட்டையில் சேர்த்துவிட்டுக் கையில் வாங்கிய பணம் பற்றி, காப்பீட்டுத் திட்டத்தின் மாவட்ட அலுவலரிடம் இந்த வாரமே தனியாக ஒரு மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.