கலைச்சொல்: இம்பாக்ட் ஃபேக்டர் – வலிப்புக் கட்டுரையில் "தாக்கக் காரணி" உதவாது

அன்புடையீர், வணக்கம்.

குழந்தை வலிப்புநோய் ஆய்வாளர் ஒருவரைப் பற்றி இங்கே தில்லியில் தயாராகும் தமிழ்க் குறிப்பில் "தாக்கக் காரணி 6 உடைய இதழில் எழுதியவர்" என்று ஒரு வரி. ஆய்விதழுக்குத் தரும் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண்ணைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். பொது அறிவியல் கட்டுரையில் இது ஓடிவிடும். வலிப்பு மருத்துவத்தில் ஓடாது. அங்கே தாக்கம் என்றால் வலிப்பு வந்து நிற்கும் அந்தச் சில நிமிடங்கள். காய்ச்சல், தூக்கக்குறைவு, மாத்திரை தவறுதல் ஆகியவைதான் தாக்கக் காரணிகள். எய்ம்ஸில் பிள்ளையைக் காட்ட வந்த தமிழ்ப் பெற்றோர் இதைப் படித்தால் "அந்த ஆறும் எவை?" என்று கேட்பார்கள். "வீச்சு" என்று மாற்றிப் பார்த்தேன். மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யில் அலையின் உயரத்துக்கு அதுதான் பெயர். வேறு சொல் தாருங்கள்.

– புது தில்லி

*

> வேறு சொல் தாருங்கள்

ஐயா, தாக்கத்தை விடுங்கள், "காரணி"யே இங்கே தப்பு. அது எதற்கும் காரணமில்லை, வெறும் சராசரி. 2024-க்கான எண் வேண்டுமென்றால், 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் இதழ் வெளியிட்டவற்றை 2024-இல் வந்த கட்டுரைகள் எத்தனை முறை எடுத்தாண்டன என்று எண்ணி, அந்த ஈராண்டு ஆய்வுக் கட்டுரைகள், மீள்பார்வைக் கட்டுரைகள் ஆகியவற்றின் தொகையால் வகுக்க வேண்டும். 900 முறை, 300 கட்டுரை என்றால் 3. இதில் ஓர் ஓட்டை: தலையங்கமும் வாசகர் கடிதமும் வகுக்கும் தொகையில் வராது, அவற்றை எடுத்தாண்டது மட்டும் வகுபடும் எண்ணில் சேர்ந்துகொள்ளும். நான்கு கட்டுரைகள் பெயர் வாங்கினால் மற்ற 296-ம் அந்த நிழலில் நிற்கும். ஆகவே ஆளைப் பற்றிய குறிப்பில் இதழின் எண்ணைப் போடுவதே எனக்குச் சம்மதமில்லை.

ஒரு கட்டுரை இன்னொன்றைச் சான்றாகச் சுட்டும் சைட்டேஷனுக்கு "மேற்கோள்" வேண்டாம். மேற்கோள் என்பது பிறர் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுவது. "எடுத்தாள்கை" என்போம். இம்பாக்ட் ஃபேக்டர்: எடுத்தாள்கைச் சராசரி.

ஆளுக்கு உரியது 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன எச்-இன்டெக்ஸ். எச்-எண் என்றே இருக்கட்டும். ஒருவருடைய கட்டுரைகளை எடுத்தாள்கை எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத எடுத்தாள்கை எந்தக் கட்டுரை வரை இருக்கிறது என்று பாருங்கள்: 48, 33, 21, 9, 6, 5, 2, 0. ஐந்தாவது கட்டுரைக்கு 6 எடுத்தாள்கை, ஆறாவதற்கு 5 தான். எனவே எச்-எண் 5. முதல் கட்டுரையின் 48 நாளை 480 ஆனாலும் அதே 5.

நம்மவர்களுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று. அப்பா பெயரை முதலெழுத்தாகப் போட்ட கட்டுரைகள் ஒரு கணக்கிலும், படிவம் "சர்நேம்" கேட்டதென்று விரித்தெழுதியவை இன்னொரு கணக்கிலும் ஏறும். மேலே உள்ள எட்டும் 48, 9, 6, 2 என்றும் 33, 21, 5, 0 என்றும் பிரிந்தால் இரண்டு கணக்கிலும் எச்-எண் 3. ஒரே ஆள், 5-க்குப் பதில் 3. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் தரும் ஆர்கிட்டின் (ORCID) 16 இலக்க எண்ணோடு ஒப்பிட்டுச் சேர்த்த பிறகே எண்ணைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

– பெங்களூர், நூலகப் பிரிவு

*

எண்ணுக்குப் பெயர் கிடைத்தது. "இம்பாக்ட்" என்ற பொதுச்சொல்லுக்கு? அவர் பேச்சு எடுபட்டது, இவர் வாதம் எடுபடவில்லை என்கிறோமே. வெளிப்படு – வெளிப்பாடு போல எடுபடு – எடுபாடு. எடுத்தாள்கையோடு வேரும் ஒன்று. எடுபாட்டுச் சராசரி, எடுபாட்டெண் என்று குடும்பமாகவே வளர்க்கலாம்.

– மும்பை, மாட்டுங்கா

*

மாட்டுங்கா ஐயாவின் சொல் அழகு. குடும்பம் மட்டும் வேண்டாம். ஒரு கட்டுரையை மறுப்பதற்காக நாற்பது பேர் எடுத்தாண்டால் எண்ணிக்கை நாற்பது, எடுபட்டதோ ஒன்றுமில்லை.

மறுபுறமும் உண்டு. 1841-இல் வெஸ்ட் என்ற மருத்துவர் தம் மகனுக்கு வந்த வலிப்பை விவரித்து லான்செட் மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோய்க்கு அவர் பெயரே வந்துவிட்டது. பெயராகிப்போன ஆய்வை அடிக்குறிப்பில் தேடிப் போடுகிறவர்கள் குறைவு. 2022 வகைப்பாட்டில் அந்த நோய் "இன்ஃபன்டைல் எபிலெப்டிக் ஸ்பாசம்ஸ் சிண்ட்ரோம்" ஆயிற்று; தலைப்புச்சொல்லை வைத்துத் தேடுவோர் இன்ஃபன்டைல் ஸ்பாசம்ஸ், வெஸ்ட் சிண்ட்ரோம், புதுப்பெயர் மூன்றையும் போடாவிட்டால் பாதி கட்டுரைகள் வலையில் விழாது.

தில்லி ஐயா, எடுபாடு என்றால் என்ன என்பதற்கு உங்கள் ஊரே சான்று. 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த எய்ம்ஸ் ஆய்வு: மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள, 18 வயதைத் தாண்டாத 116 பேர். அறுவைச் சிகிச்சைப் பிரிவில் 57 பேர். 12 மாதத்தில் வலிப்பின்றி இருந்தவர்கள் 44. மருந்து மட்டும் தொடர்ந்த 59 பேரில் 4. இரண்டு மூன்று மருந்து தோற்ற பிள்ளையை அறுவைச் சிகிச்சை மையத்துக்கு முன்கூட்டியே அனுப்புகிறார்களா என்பதே இதன் எடுபாடு. அதை எச்-எண் சொல்லாது.

எண்ணுகிற இடத்தில் எடுத்தாள்கை, சிகிச்சை மாறிய இடத்தில் எடுபாடு. இரண்டையும் கலக்காதீர்கள்.

– பெங்களூர், குழந்தை நரம்பியல்

*

நன்றி அம்மா. திருத்திய வரிகள்:

"இவருடைய கட்டுரைகளின் எச்-எண் 5, பெயர் வேறுபாடுகள் சேர்க்கப்பட்டுள்ளன. எண்ணிக்கைக்கு அப்பால் இவரது ஆய்வு ஈடுபாடு சிகிச்சை நெறிமுறைகளில் தெரிகிறது."

இதழின் சராசரியை எடுத்துவிட்டேன்.

– புது தில்லி

*

ஐயா, இரண்டாம் வாக்கியத்தில் "எடுபாடு" இருக்க வேண்டிய இடத்தில் "ஈடுபாடு" விழுந்திருக்கிறது. அதுவும் சொல்தான் என்பதால் பிழைதிருத்தி சிவப்புக் கோடு போடாது. அச்சுக்கு முன் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். அந்த 5 நான் கணக்குக்குப் போட்ட எடுத்துக்காட்டு. அவருடைய உண்மை எண்ணைப் போடவும்.

– பெங்களூர், நூலகப் பிரிவு