புழுதியைப் பார்த்து ஏமாந்த கர்னல்

'ஃபோர்ட் அப்பாச்சி'யை முதலில் பார்த்தது கல்லூரி நாட்களில். ஜான் வெய்ன் படமாயிற்றே, சண்டை தூள் பறக்கும் என்று உட்கார்ந்தால், பாதிக்கு மேல் கோட்டைக்குள் நடனமும் விருந்தும், புதிய சிப்பாய்கள் குதிரையிலிருந்து விழுவதும்தான். கொட்டாவி வந்தது.

போன மாதம் மறுபடி பார்த்தேன். இந்த முறை ஹென்றி ஃபோண்டாவை விட்டுக் கண் நகரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரலாக இருந்த தன்னை இந்தப் பாலைவனக் கோட்டையில் கொண்டுவந்து போட்டுவிட்டார்களே என்ற கடுப்பு, கர்னல் தர்ஸ்டேவின் விறைத்த முதுகிலேயே தெரிகிறது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை, அதுதான் வயிற்றைப் பிசைகிறது. அப்பாச்சிப் பழங்குடிகளுக்குச் சாராயம் விற்றுச் சீரழிக்கும் அரசாங்க ஏஜெண்ட் ஒரு அயோக்கியன் என்று அவனுடைய முகத்துக்கு நேராகவே சொல்கிறார். அப்புறம், அரசாங்கத்தின் ஆள் ஆயிற்றே என்று அவனுக்கே காவல் நிற்கிறார்!

கடைசிச் சண்டைக்கு முன்னால் தூரத்தில் புழுதி கிளம்புகிறது. எதிரி அங்கே என்கிறார் கர்னல். அது பெண்களும் பிள்ளைகளும் புதர்களை இழுத்துக் கிளப்பும் புழுதி, ஆட்கள் பாறை மறைவில் இருக்கிறார்கள் என்கிறார் கேப்டன் யார்க், அதாவது வெய்ன். பதிலுக்குக் கிடைப்பது கோழைப் பட்டம். ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு வா என்பதுபோல் யார்க் கையுறையைக் கழற்றிக் கீழே எறிகிறார். கர்னல் அசையவில்லை. படையோடு பள்ளத்தாக்குக்குள் போகிறார், திரும்பவில்லை. 1876இல் லிட்டில் பிக்ஹார்னில் பழங்குடிகளோடு மோதித் தன் ஆட்களோடு மாண்ட அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டருக்கு நடந்ததை ஜான் ஃபோர்ட் 1948இல் வேறு பெயர் வைத்து எடுத்தார் என்றே தோன்றியது.

மறுமொழி:

எனக்கு மனதில் நின்றது அதற்குப் பிறகு வரும் காட்சி. பத்திரிகைக்காரர்கள் தர்ஸ்டேவின் வீரத் தாக்குதலைக் காட்டும் ஓவியத்தைப் பற்றிப் பேச, எல்லாம் சரியாகவே வரைந்திருக்கிறார்கள் என்கிறார் யார்க். கூசாமல் சொல்கிறார். பிறகு தர்ஸ்டே போட்டிருந்த அதே மாதிரித் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார்.

பார்க்கும்போது எனக்கு வியர்த்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் எங்கள் மேலாளர் ஓய்வுபெற்றார். யார் சொல்லியும் கேட்காமல் அவர் எடுத்த ஒரு முடிவால் எங்கள் பிரிவில் மூன்று பேருக்கு வேலை போயிருந்தது. அவருடைய பாராட்டு விழாவில் வாழ்த்துரை என் தலையில் விழுந்தது. 'தொலைநோக்கு' என்ற வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன். கைதட்டலும் நன்றாகவே விழுந்தது.