இந்தி ‘கல்’லும் தமிழ்க் கல்லும் உறவா?

மாட்டுங்கா வாசகர்: திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, சமையலறையைச் சீரமைக்கும் கொத்தனார் “கல் ஆயேகா” (நாளை வரும்) என்று இந்தியில் சொன்னதைக் கேட்டு, கிரானைட் கல் வரப்போகிறதென்று நடையிலிருந்த குடங்களை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு மாலை வரை காத்திருந்தார். இந்த இரு சொற்களுக்கும் ஏதேனும் உறவு உண்டா?

செம்பூர் வாசகர்: உறவில்லை, ஐயா. இந்திச் சொல், விடியலைக் குறிக்கும் ‘கல்ய’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நேற்றுக்கும் நாளைக்கும் அது ஒன்றே என்பதால், வினைமுற்றைக் கேட்டுத்தான் காலத்தை அறிய வேண்டும். மராத்தியில் நேற்று ‘கால்’, நாளை ‘உத்யா’. (அந்தக் ‘கால்’ நமக்கு வேறு பொருள் தருகிறது.)

தாராவி வாசகர்: துருக்கி மொழியில் ‘கல்’ என்பது ‘தங்கு’ என்னும் ஏவல். மனிதர் ஒலிக்கும் ஒலிகள் சில, சொற்களோ ஏராளம் என்பதால், குறுஞ்சொற்கள் இப்படித் தற்செயலாக ஒத்துப்போவது இயல்பே. உறவை நிறுவுவதற்குப் பல சொற்களில் ஒலியும் பொருளும் ஒழுங்காகப் பொருந்திவர வேண்டும். கன்னடத்தின் ‘கல்லு’, பலூசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி என்னும் திராவிட மொழியின் ‘ஃகல்’ ஆகிய இரண்டும் கல்லையே குறிக்கின்றன. அவைதாம் நம் சொல்லின் உடன்பிறப்புகள். அத்தனை தொலைவில் நம் சொல் வாழ்வது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

மாட்டுங்கா வாசகர்: மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக்காட்டினேன், ‘கல்வி’யில் இருப்பது எந்தக் கல் என்று கேட்கிறார்.

செம்பூர் வாசகர்: அது ‘கற்றுக்கொள்’ என்னும் வினை, அகராதிகள் அதைத் தனிச் சொல்லாகவே தருகின்றன.