மூணாறு நீராவி ரயிலைப் போடிக்கு ஓட்டிவரும் அறிவாளிகள் கவனத்துக்கு

போடிமெட்டு: நேற்று வைகைப் பயணி இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1902லேயே மூணாறிலிருந்து போடி வரை நீராவி ரயில் ஓடியதாம். அந்தப் பாதையில் பாரம்பரிய நீராவி ட்ராம் விட்டால் மதுரையில் ஏறி, மூணாறுக்கு அந்தப் பக்கம் மலை மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனில் இறங்கி டீ குடிக்கலாமாம். கீழே வரிசையாக ‘அருமை’, ‘அருமை’. யாராவது ஒருத்தர் கேட்டீர்களா? 1902ல் மூணாறை ஒட்டிய குண்டளைப் பள்ளத்தாக்கில் இருந்தது ஒற்றைத் தண்டவாளம். வண்டியை இழுத்தது மாடு. நீராவி கிடையாது. மாடு!

வைகைப் பயணி: அண்ணே, 1908ல் அதை இரண்டடி அகலமுள்ள குறுகிய பாதையாக மாற்றி நீராவி எஞ்சின் விட்டார்கள். அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்களே. ஆறு வருஷம் முன்னே பின்னே சொன்னதற்கா இந்தக் கூத்து?

போடிமெட்டு: நீங்கள் எழுதிய வருஷம் 1902. அந்த வருஷம் இழுத்தது மாடு. மாட்டிக்கொண்டதும் 1908க்கு ஓடுகிறீர்கள்.

பொன்மலைப் பட்டறை: ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒற்றைத் தண்டவாள முறைக்கு எவிங் முறை என்று பெயர். எடையில் பெரும்பகுதி தண்டவாளத்தில் ஓடும் சக்கரத்தில் இருக்கும். பக்கத்தில் ரோட்டில் உருளும் இன்னொரு சக்கரம் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் இதே முறையில் ஓட்டினார்கள். அதன் நீராவி எஞ்சின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனால் ஒற்றைத் தண்டவாளம் என்றாலே நீராவி இல்லை என்று அடித்துப் பேச முடியாது.

போடிமெட்டு: ஐயா, நான் பாட்டியாலாவைப் பற்றிப் பேசவில்லை. மூணாறில் இழுத்தது எது? மாடா, எஞ்சினா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பொன்மலைப் பட்டறை: மாடுதான். ஆனால் நான் சொல்ல வந்தது...

போடிமெட்டு: போதும். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், ரயில்வேயில் வேலை பார்த்த பெரியவரே சொல்லிவிட்டார்.

பொன்மலைப் பட்டறை: என் வாக்கியத்தை முடிக்க விடாமல் பாதியைப் பிய்த்துக்கொண்டு போவது நல்ல பழக்கமில்லை தம்பி. போன மாசம் பாம்பன் பாலம் பற்றிப் பேசியபோதும் இதைத்தான் செய்தீர்கள். எஞ்சின் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்ல வந்தேன். ஊட்டி ரயிலுக்கு எக்ஸ் வகை நீராவி எஞ்சினைத் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையிலேயே புதிதாகக் கட்டியிருக்கிறோம். பல் சக்கரம் வைத்து மலை ஏறுகிற எஞ்சினைக் கட்டினவர்களுக்கு இரண்டடிப் பாதை எஞ்சின் எம்மாத்திரம்?

போடிமெட்டு: எஞ்சின் இருக்கட்டும் ஐயா, ஓடுவதற்குப் பாதை எங்கே? வைகைப் பயணி, உங்கள் ரயில் போடிக்கு வரவே இல்லை. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன், அத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் செங்குத்தாக இறங்கும் மலை. தேயிலைப் பெட்டிகளை ரோப்வேயில் கட்டிக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து போடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வண்டிப் பாதை. அந்த வண்டியை இழுத்தது என்ன என்று நான் சொல்லவும் வேண்டுமா?

உசிலைப் பையன்: மறுபடியும் மாடா!

போடிமெட்டு: சிரியுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1924 வெள்ளத்தில் மூணாறு ரயில் அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ல். இரண்டும் ஒரு நாள்கூட ஒன்றாக ஓடியதில்லை. இந்த லட்சணத்தில் மதுரையில் ஏறி டாப் ஸ்டேஷனில் இறங்குவாராம்.

வைகைப் பயணி: அன்றைக்கு இல்லை என்றால் இன்றைக்கும் கூடாதா? மதுரையிலிருந்து போடி வரை இப்போது அகலப் பாதை ரயில் இருக்கிறது. போடியிலிருந்து கொட்டகுடி வரை ட்ராம், அங்கிருந்து ரோப் கார், மேலே குண்டளை வழியாக மறுபடி நீராவி ரயில். டார்ஜிலிங்கில் இதே இரண்டடிப் பாதையில்தான் ஓடுகிறது. உலகமே வந்து பார்க்கிறது.

போடிமெட்டு: அப்படியென்றால் அதற்குப் பெயர் புதுத் திட்டம். இல்லாத பாதையை எப்படி மீட்டெடுப்பது? பாரம்பரியம்தான் வேண்டும் என்றால் ஒரு ஜோடி காளையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள், நானே கொடி அசைக்கிறேன்.

தேனிச்சாரல்: அண்ணாச்சி, ஒரு விஷயத்தை யாருமே பேசவில்லை. டாப் ஸ்டேஷன் நம் தேனி மாவட்டம். ஆனால் சுற்றுலா போகிறவர்கள் எல்லோரும் மூணாறில் ரூம் போட்டு, மூணாறு ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு மூணாறுக்கே திரும்புகிறார்கள். ரயில் விட்டாலும் காசு அந்தப் பக்கம்தான் போகும்.

வைகைப் பயணி: அதனால்தான் நம் பக்கம் கொட்டகுடியிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

குரங்கணிக்காரன்: கொட்டகுடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குரங்கணி வழியாக நீராவி எஞ்சின் விடப்போகிறவர்கள் 2018 மார்ச்சை மறந்துவிட்டீர்களா? காட்டுத் தீயில் மலையேற வந்த பிள்ளைகள் செத்தார்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும். புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும்.

பொன்மலைப் பட்டறை: ஊட்டி ரயிலில் நிலக்கரியை விட்டுப் பல எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றியாகிவிட்டது. எண்ணெய் எஞ்சினில் அந்தப் பயம் மிகக் குறைவு.

குரங்கணிக்காரன்: குறைவுதானே, இல்லை என்று சொல்லவில்லையே. தீ பிடித்தால் மலை ஏறி அணைக்கப் போவது நாங்கள்.

போடிமெட்டு: நல்ல கேள்வி. வைகைப் பயணி இதற்கும் 1902 என்று பதில் சொல்வார் பாருங்கள்.

வைகைப் பயணி: உங்களிடம் பேசுவதற்கு அந்த மாட்டிடமே பேசலாம்.

உசிலைப் பையன்: ஏன் மூணாறு வரைக்கும் போகிறீர்கள்? உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக நம் மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசி வரை ஓடியதே. ஆண்டிபட்டி கணவாயில் அது ஏறுகிற வேகத்துக்கு இறங்கி நடந்தே முந்திவிடலாம். அந்தத் தண்டவாளத்தை எல்லாம் பெயர்த்தபோது ஒரு பத்து கிலோமீட்டரையாவது விட்டுவைத்திருக்கலாம்.

தேனிச்சாரல்: விட்டுவைத்திருந்தால் அகலப் பாதையை எங்கே போடுவார்களாம்? ஏற்கெனவே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் இல்லாமல் பஸ்ஸில் தொங்கியது நாங்கள். 2022ல் தேனிக்கு வந்து, 2023ல்தான் போடிக்கு வந்தது. இதில் பழைய ரயில் பாசம் வேறு.

போடிமெட்டு: உசிலைப் பையன் சொல்வதில் ஒரு திருத்தம். அந்தப் பாதையையும் யுத்த காலத்தில் 1942ல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். நீங்கள் பாசம் வைத்திருப்பது இரண்டாவது தண்டவாளம்.

உசிலைப் பையன்: என் தாத்தாவே இரண்டாவது தண்டவாளத்தில்தான் போனார். எங்களுக்கு அது போதும்.

வைகைப் பயணி: பார்த்தீர்களா? பிடுங்கியதைத் திரும்பப் போட முடியும் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

போடிமெட்டு: ரயில் ஓடிய இடத்தில் திரும்ப ரயில் விட்டார்கள். மாடு நடந்த இடத்தில் விடவில்லை. வித்தியாசம் புரியாதவரிடம் நான் பேசத் தயாரில்லை. இதுதான் என் கடைசிப் பதிவு.

தேனிச்சாரல்: கம்பத்துக்கு இன்னும் ரயிலே வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து எங்கள் பக்கம் லைன் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. நீராவி வேண்டுமா, மாடு வேண்டுமா என்று இங்கே பட்டிமன்றம்.

போடிமெட்டு: கம்பத்துக்காரர்களுக்கு எதைப் பேசினாலும் கம்பம்தான். முதலில் போடி ரயிலின் நேரத்தைக் கேளுங்கள். 2023ல் விட்டபோதே காலையில் மதுரையில் கிளம்பி, சாயங்காலம்தான் போடியிலிருந்து திரும்புகிற மாதிரி விட்டார்கள். காலையில் மதுரை ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்குப் போகிற போடிக்காரன் எதில் போவான்?

உசிலைப் பையன்: கடைசிப் பதிவு என்றீர்களே அண்ணே?

போடிமெட்டு: அது ட்ராம் விஷயத்தில். இது டைம்டேபிள்.

வைகைப் பயணி: மதுரைக்காரர்கள் போடிக்கு வந்து செலவு செய்யட்டும் என்றுதான் அப்படி விட்டிருப்பார்கள்.

போடிமெட்டு: என்ன செலவு? காலையில் வந்து இறங்குகிறவர் நேரே ஜீப் பிடித்து மூணாறு போகிறார். எங்கள் ஊரில் ஒரு டீகூடக் குடிப்பதில்லை.