சித்திரை வெயிலில் துடுப்பாட்டப் பயிற்சி: மகனின் தோலை எவ்வாறு காப்பது?

கேள்வி (கோப்பாயிலிருந்து ஒரு தாய்):
பாடசாலை விடுமுறை தொடங்கியதிலிருந்து 13 வயதான என் மகன் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை துடுப்பாட்டப் பயிற்சியில் நிற்கிறான். நேற்று அவனுக்குத் தலை துவட்டும்போது, காதுமடலின் மேல்விளிம்பும் பிடரியும் சிவந்து வெங்காயச் சருகுபோல உரிந்திருப்பதைக் கண்டேன். கறுத்த தோலுக்கு வெயில் காப்புக் கிறீம் எதற்கு என்று சொல்லி அவனுடைய அப்பம்மா தேங்காய் எண்ணெய் பூசி அனுப்புகிறார். அது போதுமா?

பதில் 1 (தோல் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய தாதி):
போதாது, சகோதரி. கறுத்த தோலுக்கு இயற்கையான காப்பு ஓரளவு உண்டென்பது உண்மையே. ஆனால் மணிக்கணக்காக வெயிலில் நிற்பவருக்கு அந்தக் காப்பு போதுமானதன்று, தேங்காய் எண்ணெய் தடுக்கும் கதிரோ மிகச் சொற்பம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் மிகக் கடுமையாக இருக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி, ஆவணியிலும் சூரியன் மீண்டும் உச்சிக்கு வருகிறது. அப்போது சோளகக் காற்று வீசி உடம்பு குளிர்ந்திருப்பதால், சுடுவதே தெரியாமல் பலர் வெந்துபோகிறார்கள். வெக்கையை வைத்து இதை அளக்க இயலாது, நிழலை வைத்தே அளக்க வேண்டும். மகனின் நிழல் அவனுடைய உயரத்திலும் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் காப்பு தேவை.

எஸ்.பி.எஃப். (குப்பியில் போட்டிருக்கும் வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட, புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யூ.வி.ஏ. கதிரையும் தடுக்கும் கிறீமைப் புறப்படுவதற்கு 20 நிமிடங்களுக்கு முன் பூசுங்கள். முகத்துக்கும் கழுத்துக்குமாக, சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை பிதுக்கிய அளவு வேண்டும். பெரும்பாலானோர் பொட்டளவு தடவிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். வியர்வையில் கரைந்துவிடுமாதலால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

பதில் 2 (பயிற்றுநர்):
காதும் பிடரியும் மட்டும் வெந்திருப்பதற்குக் காரணம் தொப்பிதான் என நினைக்கிறேன். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி நெற்றியை மறைக்குமே தவிர, காதை மறைக்காது. சுற்றிலும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் நீளக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுங்கள். பயிற்சி நேரத்தை மாற்றும்படி பெற்றோர் சேர்ந்து கேட்பது அதனிலும் நல்லது. நாங்கள் காலை 6.30 மணிக்குத் தொடங்கி 9.30 மணிக்கு முடிக்கிறோம். பிள்ளைகள் சோர்வதும் குறைந்திருக்கிறது.

பதில் 3 (நீர்வேலித் தோட்டக்காரர்):
கிறீம் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, தங்கச்சி. நான் நீளக்கைச் சட்டையும் பனையோலைத் தொப்பியும் அணிந்தே மிளகாய்த் தோட்டத்தில் நிற்கிறேன். துணி மூடாத இடத்துக்கு மட்டும் கிறீம் வாங்கினால், ஒரு குப்பி நெடுநாள் வரும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. உரிந்த இடத்துக்கு இப்போது என்ன செய்வது?

பதில் 1:
குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுங்கள். உரியும் தோலைப் பிய்க்க விடாதீர்கள். நிறையத் தண்ணீர் கொடுங்கள். கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்த இடம் ஆறும்வரை அவன் வெயிலில் இறங்க வேண்டாம்.