குப்பை மடல் வடிகட்டி: வரம்பு 90 ஆ, 60 ஆ?

மடற்காவலன்:
மின்மடல் செயலியான தண்டர்பேர்டின் குப்பை மடல் வடிகட்டி சொன்னபடி கேட்கவில்லையென்றால், அதன் வரம்பை (எத்தனை மதிப்பெண்ணை எட்டினால் ஒரு மடல் குப்பை என்பதை) 90 இலிருந்து 60 ஆகக் குறைத்தால் போதும் என்று நண்பர் நிலவன் தீர்ப்பெழுதியிருக்கிறார். சொற்களின் நிகழ்தகவை வைத்துக் குப்பையைக் கணிக்கும் இந்தப் பேய்சியன் வடிகட்டி தரும் மதிப்பெண்கள் பெரும்பாலும் 0 க்கு அருகிலோ 100 க்கு அருகிலோதான் போய் நிற்கும். நடுவில் தங்கும் சில மடல்களுக்காக 90 இல் கை வைப்பானேன்?

நிலவன்:
குறைத்த பிறகு என் உள்பெட்டி சுத்தமாக இருக்கிறது. எனக்கு அது போதும். 90 என்பது வேதவாக்கு அன்று, மாற்றிக்கொள்ளத்தான் அந்த எண்ணை அமைப்புகளில் வைத்திருக்கிறார்கள்.

மடற்காவலன்:
2002 இல் நிரலாளர் பால் கிரஹாம் இம்முறையை விளக்கியபோதும் வரம்பு 0.9, அதாவது நூற்றுக்கு 90 தான். நல்ல மடலொன்று குப்பைக்குள் விழுவது, ஒரு குப்பை தப்பி வருவதைவிடப் பெருங்கேடு என்பதால்தான், நல்ல மடல்களில் வரும் சொற்களின் எண்ணிக்கையை அவர் இரட்டிப்பாக்கிக் கணக்கிட்டார். உள்பெட்டி சுத்தமாக இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். குப்பைக் கோப்புறையை என்றைக்காவது திறந்து பார்த்தீர்களா?

யாழினி:
எண்ணைப் பிடித்து இருவரும் மல்லுக்கட்டுவது இருக்கட்டும். ‘குப்பை அல்ல’ என்ற பொத்தானை நிலவன் எப்போதாவது அழுத்தியிருக்கிறாரா? குப்பையை மட்டும் அடையாளம் காட்டி, நல்ல மடல்களைக் காட்டாமல் விட்டால், வடிகட்டி எதை எதனோடு ஒப்பிட்டுக் கற்கும்?

கணியன்:
மடற்காவலன் அவர்களே, கிரஹாம் ஒவ்வொரு மடலிலும் 15 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டவர். தண்டர்பேர்டோ கேரி ராபின்சன் என்பவர் முன்வைத்த கை-வர்க்க (chi-square) முறையை, அதாவது சொற்களின் நிகழ்தகவுகளை ஒன்றுசேர்க்கும் வேறொரு புள்ளியியல் கணக்கைப் பின்பற்றுகிறது. கிரஹாமின் 0.9 ஐ இங்கே சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

மடற்காவலன்:
எஸ்பிஎஃப் (SPF), டிகிம் (DKIM) ஆகிய, அனுப்பிய களப்பெயர் (domain) உண்மையானதா என்று பார்க்கும் சோதனைகளில் தேறிய மடல் நல்ல மடலே என்று முன்பு அடித்துப் பேசியவர் தாங்கள்தானே? குப்பை அனுப்புபவன் சொந்தமாக ஒரு களப்பெயரை வாங்கி முறைப்படி கையொப்பமிட்டால், அவனும் அவற்றில் தேறுவான் என்று நான் சொன்னதற்கு இன்றுவரை பதில் இல்லை. கணக்கு முறை எதுவாயினும் 90 என்பது 90 தான்.

கணியன்:
‘நல்ல மடல்’ என்று நான் சொல்லவே இல்லை, ‘உண்மையான களப்பெயர்’ என்றுதான் சொன்னேன். எழுதியதை வாசிக்காமலே மறுப்பதில் தங்களுக்கு நிகர் தாங்களே.

நிலவன்:
என் முகவரியிலிருந்தே எனக்கு வந்ததுபோல் போலி மடல்கள் குவிந்தபோது, 90 இல் இருந்த வடிகட்டி அவற்றுள் ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை.

யாழினி:
உங்கள் முகவரியையே முகவரிப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருப்பீர்கள். அதில் உள்ளவர்களின் மடலைக் குப்பையாகக் குறிக்க வேண்டாம் என்ற தேர்வு இயங்கி, சொந்த முகவரிக்கு அது பொருந்தாது என்ற இயல்பான ஏற்பாடும் மாற்றப்பட்டிருந்தால், வரம்பு 90 ஆனாலும் 60 ஆனாலும் அவை தப்பித்தான் வரும்.

மடற்காவலன்:
நான் தொடக்கத்திலிருந்து சொல்வதும் அதுதான். 90 இல் குற்றமில்லை.

யாழினி:
முகவரிப் புத்தகத்தைப் பற்றித் தாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே, ஐயா.

நிலவன்:
அந்தத் தேர்வை நீக்கிவிடுகிறேன். 60 அப்படியேதான் இருக்கும்.