ஆங்கில நேர்காணலில் பலம், பலவீனம் கேட்டால் என்ன சொல்வது?

சோதனைக்குழாய்:
அடுத்த வாரம் ஒரு நேர்காணல், முழுக்க ஆங்கிலத்தில், வீடியோ காலில். சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. டெக்னிகல் கேள்விகளைச் சமாளித்துவிடுவேன், அதில் பயமில்லை. 'வாட் ஆர் யுவர் ஸ்ட்ரெங்த்ஸ் அண்ட் வீக்னஸஸ்' என்று ஆரம்பித்தால்தான் வாயடைத்துப் போகிறது. நெட்டில் தேடினால் 'ஐ ஆம் எ பெர்ஃபெக்ஷனிஸ்ட்', 'ஐ வொர்க் டூ ஹார்ட்' என்று சொல்லச் சொல்கிறார்கள், எனக்கே சிரிப்பு வருகிறது. உண்மையில் என் பலவீனம் பேச்சு ஆங்கிலம்தான். படிப்பேன், எழுதுவேன், பேசும்போது தடுமாறும். அதையே சொல்லிவிடலாமா? பலம் என்று எத்தனை சொல்ல வேண்டும்? என்னை நானே புகழ்ந்துகொள்ளக் கூச்சமாக வேறு இருக்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பழையமேசை:
நான் ஆட்களைத் தேர்வு செய்யும் பக்கம் உட்காருகிறவன், அதனால் அங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். 'ஹார்ட் வொர்க்கர், குயிக் லேர்னர், டீம் பிளேயர்' இந்த மூன்றையும் வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரே ஒரு பலம் போதும், மிஞ்சினால் இரண்டு. ஆனால் அதற்குச் சாட்சியாக ஒரு சம்பவம் வேண்டும். உதாரணத்துக்கு இப்படி: 'ஐ ஆம் குட் அட் ரீப்ரொட்யூசிங் டிஃபிகல்ட் பக்ஸ். இன் மை லாஸ்ட் ப்ராஜெக்ட், பேமென்ட்ஸ் ஃபெயில்ட் ஒன்லி சம்டைம்ஸ். ஐ செக்ட் தி லாக்ஸ் அண்ட் ஃபவுண்ட் தட் இட் ஹேப்பன்ட் வென் டூ ரிக்வெஸ்ட்ஸ் கேம் டுகெதர்.' அவ்வளவுதான். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள், பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் கேட்கிறவருக்கு இந்த ஆளை வேலையில் போட்டால் என்ன செய்வார் என்று தெரிந்துவிடுகிறது.

கூச்சத்துக்கும் இதுவே மருந்து. உங்களைப் புகழவே வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள், புகழ்வதை அவர்கள் மனதுக்குள் செய்துகொள்வார்கள். ஸ்டார் முறை என்று சொல்வார்களே, சூழ்நிலை, உங்களிடம் வந்த பொறுப்பு, நீங்கள் செய்தது, கிடைத்த பலன், இந்த வரிசையில் சொன்னால் நடுவில் தொலைந்துபோக மாட்டீர்கள். பலர் சூழ்நிலையிலேயே பாதி நேரத்தைத் தின்றுவிடுகிறார்கள். 'நான் செய்தது'தான் நீளமாக இருக்க வேண்டும், அதிலும் 'வீ' என்று குழுவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் 'ஐ' என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, கேள்வி நீங்கள் எழுதியிருக்கிற அதே வடிவில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், சும்மா அரட்டையடிப்பதைவிட ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்பது 1998-ல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் தொகுத்த ஆய்வுகளிலேயே வந்த விஷயம். அதனால் 'டெல் மீ அபௌட் எ டைம்...' என்று தொடங்கும் கேள்விகள் நிறைய வரும். 'வாட் வுட் யுவர் மேனேஜர் சே அபௌட் யூ' என்பதும் இதே கேள்விதான், சட்டையை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறது.

கமாபுள்ளி:
ஆங்கிலம் பலவீனம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நீங்கள் வாயைத் திறந்த முதல் சில நிமிடங்களிலேயே அவர்களுக்கு அது தெரிந்துவிடும். தெரிந்ததையே திரும்பச் சொல்லி ஒரு பதிலை வீணாக்குவானேன்? அதோடு வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசும் வேலையாக இருந்தால் அங்கேயே கதவைச் சாத்திவிடுவார்கள்.

மனப்பாடமும் வேண்டாம். ஒப்பிக்கிற குரல் எந்த மொழியிலும் மாட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போச்சு. சம்பவத்தை நாலைந்து சொற்களாகத் துண்டுத்தாளில் எழுதி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வாக்கியத்தில் சொல்லிப் பழகுங்கள்.

வால்நட்சத்திரம்:
கமாபுள்ளி சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. 'மை இங்கிலீஷ் இஸ் வீக்' என்று மொத்தமாகச் சொன்னால் கெடுதல்தான். ஆனால் அதையே சுருக்கி, 'பெரிய மீட்டிங்கில் முன்தயாரிப்பு இல்லாமல் பேசச் சொன்னால் திணறுவேன், அதனால் முன்கூட்டியே குறிப்பு எழுதிக்கொண்டு போகிறேன், தினமும் காலை மீட்டிங்கில் நானாகவே முதலில் பேசுகிறேன்' என்றால் அது நல்ல பதில். எந்த இடத்தில் தடுமாற்றம் என்று தெரிந்த ஆள், அதற்கு ஏதோ செய்துகொண்டிருக்கிற ஆள் என்று படும். நாள் முழுக்க வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலைக்கு மட்டும் இது ஆகாது.

பொதுவாகவே வேலையின் உயிர்நாடியைத் தொடும் பலவீனத்தை எடுக்கக் கூடாது. டெஸ்டர் போய் 'சின்னச் சின்ன விஷயங்கள் என் கண்ணில் படாது' என்று சொன்னால் அப்புறம் என்ன இருக்கிறது? அதற்காக 'எனக்குச் சமைக்கத் தெரியாது' என்று நழுவுவதும் சரியில்லை, கேட்கிறவரை முட்டாளாக்குவது போலாகிவிடும்.

சோதனைக்குழாய்:
எல்லாருக்கும் நன்றி. யோசித்துப் பார்த்ததில் ஆங்கிலத்தைவிட உண்மையான ஒன்று கிடைத்தது. ஒரு சிக்கலில் மாட்டினால் யாரிடமும் கேட்காமல் தனியாகவே மணிக்கணக்கில் குடைந்துகொண்டிருப்பேன். இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஐ ஆம் ஹேவிங் ஒன் வீக்னஸ். ஐ ஆம் நாட் ஆஸ்கிங் ஹெல்ப். பட் நவ் ஐ வில் இம்ப்ரூவ்.' சரியா?

கமாபுள்ளி:
விஷயம் அருமை, வாக்கியத்தைக் கொஞ்சம் தட்டிச் சரிசெய்யலாம். 'ஐ ஆம் ஹேவிங்' இங்கே வராது. 'ஐ டெண்ட் டு வொர்க் ஆன் எ ப்ராப்ளம் அலோன் ஃபார் டூ லாங்' என்று தொடங்குங்கள், அந்த 'டெண்ட் டு' எப்போதும் இல்லை, அப்படிச் செய்யும் போக்கு உண்டு என்பதைத் தானே சொல்லிவிடும். கடைசி வரிதான் பலமாக இருக்க வேண்டும். 'வில் இம்ப்ரூவ்' என்பது வெறும் வாக்குறுதி. இப்போது என்ன செய்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள்: 'நவ், இஃப் ஐ ஆம் ஸ்டக் ஃபார் தர்ட்டி மினிட்ஸ், ஐ ரைட் டவுன் வாட் ஐ ஹேவ் ட்ரைட் அண்ட் ஆஸ்க் எ டீம்மேட்.' உண்மையிலேயே அப்படிச் செய்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள்.

பழையமேசை:
அந்தச் சந்தேகம் எனக்கும் வரும். நான் கேட்கிறவனாக இருந்தால் அடுத்த கேள்வி, 'வென் டிட் திஸ் லாஸ்ட் ஹேப்பன்?' என்பதுதான். அதற்கும் ஒரு சம்பவம் தயாராக இருக்கட்டும். கேள்வி புரியவில்லை என்றால் 'குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?' என்று கேளுங்கள், யோசிக்க நேரம் வேண்டுமென்றால் 'லெட் மீ திங்க் ஃபார் எ மொமென்ட்' என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். வீடியோ காலில் அந்த அமைதி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். நாங்கள் அந்த நேரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருப்போம்.